பீடத்தில் எஞ்சிய காலணிகள்



ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகர்ப்புறத்தே, தெருக்களிலிருந்து அகற்றப்பட்ட சிலைகளுக்கென ஒரு பூங்கா உள்ளது. பொதுவுடைமை ஆட்சி மறைந்தபின் அவற்றை உடைக்க வேண்டும் என்றோர் பலர். உடைக்காமல், 1993இல் ஊருக்கு வெளியே கொணர்ந்து நிறுத்தினர். பூங்காவை வகுத்தவர் ஆகோஷ் எலெயோத் என்னும் கட்டடக் கலைஞர்.

மாஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ் நூல்களில் கார்க்கியைக் கற்று வளர்ந்தவன் நான். ஆதலின் கலக்கத்தோடேயே சென்றேன். வாயிலெதிரே பெரும்பீடம், அதன்மேல் காலணிகள் இரண்டு மட்டும். 1956 அக்டோபர் 23 அன்று மக்கள் ஸ்டாலின் சிலையை வீழ்த்தியபோது எஞ்சியவற்றின் மறுவடிவம் அது. அவ்வெழுச்சியை நவம்பரில் சோவியத் டாங்கிகள் நசுக்கின. நான் படித்த நூல்கள் இதனைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே, 1919ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவாகத் துணியேந்தி ஓடும் பேருருவம். மேலாடைகளைக் காக்கும் அரங்கப் பணியாள், யாரோ மறந்த துண்டைத் தர ஓடுகிறான் என்று நகரத்தார் நகைப்பராம். (அச்சத்தினூடும் நகைச்சுவை பிழைத்திருக்கிறது!)

ஒஸ்தபென்கோ என்னும் சோவியத் படையதிகாரியின் சிலைமுன் எனக்கு நகைக்க இயலவில்லை. 1944 டிசம்பரில் வெள்ளைக்கொடியுடன் தூது சென்று மாண்டவர் அவர். பாலட்டோன் ஏரிக்குச் செல்லும் நெடுஞ்சாலைத் தொடக்கத்தில் அச்சிலை நின்ற காலத்தில், இளைஞர்கள் அதனடியில் காத்திருந்து, வரும் வண்டிகளை நிறுத்தி ஏறிச் செல்வார்களாம். அந்த அன்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

நடுப்பாதை நேரே சென்று ஒரு செங்கற்சுவரில் முட்டி நிற்கிறது. வந்த வழியே திரும்பினேன். வெளியே, அக்காலணிகளை மீண்டும் நெடுநேரம் பார்த்தேன்.