சிறுநீரகத்தைக் காப்போம்!

(ஜார்ஜ் டவுனில் நடந்த தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், லீவு, வீட்டு வசதி ஆகியவை பற்றியே நாம் மேடைகளில் பேசி வந்திருக்கிறோம். இன்று நம் உடம்புக்குள் இரவும் பகலும் ஓயாமல் வேலை செய்யும் இரண்டு தொழிலாளர்களைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பெரியவர்கள் குண்டிக்காய் என்பார்கள்; பள்ளிப் புத்தகம் சிறுநீரகம் என்னும்.

கீழ் விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கமும் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. எடை ஏறக்குறைய 150 கிராம். ஒவ்வொன்றினுள்ளும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ஸ்டோரில் நாம் பாலை வடிகட்டித் தொட்டியில் விடுகிறோமல்லவா? அதுபோல ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து இங்கே வடிகிறது. வேண்டிய நீரையும் உப்பையும் சர்க்கரையையும் இரத்தத்திலேயே திரும்பச் சேர்த்துவிட்டு, கழிவோடு ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் குழாய் வழியே சிறுநீர்ப்பைக்கு அனுப்புகின்றன. இரத்த அழுத்தத்தைச் சீராக்குவதும், புது இரத்தம் ஊறத் தூண்டுவதும் அவற்றின் வேலையே.

இவ்வளவு உழைப்பவை, கெடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுதான் ஆபத்து. காண்டா சுமந்து இடுப்பு வலித்தால் குண்டிக்காய் கெட்டதென்று பயப்படுகிறோம். பெரும்பாலும் அது தசைவலிதான். ஆனால் அதற்காக டாக்டரைக் கேளாமல் நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

நம் தோட்டத்தில் கைதேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர். கால் வீங்கியது; நிரையில் நின்ற களைப்பு என்றார். சிறுநீர் நுரைத்தது, சூடு என்றார். மூச்சு வாங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

அவர் ஒருவர் மட்டுமா? 2018இல் நாடு தழுவிய ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. நோய் இருந்தவர்களில் அதை அறிந்திருந்தவர் நூற்றுக்கு ஐவரே! நம் நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது நீரிழிவு.

பின் எப்படி அறிவது? கிராணி என்ன செய்கிறார்? வாளியில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார். மரத்தை வெட்டிப் பார்ப்பதில்லை. சிறுநீரகத்தையும் அப்படியே வெளியிலிருந்து சோதிக்கலாம். 1827இல் ரிச்சர்டு பிரைட் என்ற ஆங்கில டாக்டர் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பதன் பயனை எழுதினார். ஆசிட் விட்ட பால் உறைவதுபோல, வெளியேறக்கூடாத புரதம் அதில் உறைந்து நின்றது. இன்று மருந்து தோய்த்த ஒரு பட்டையை நனைத்தால் நிமிடத்தில் தெரியும். இத்துடன் இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரை, கிரியேட்டினின் என்ற கழிவு ஆகியவற்றையும் பார்த்தால் போதும், ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். பிடித்தால் மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் நோயின் வேகத்தைக் குறைக்கலாம்.

இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள புண் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும்; அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆகவே வெறுங்காலோடு நிரைக்குப் போகாதீர். வெயிலில் வேலை செய்வோர் தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடியுங்கள்.

"ஒரு நாள் பேர் போய்விடுமே" என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. பரிசோதனை நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது என்று கேட்பது சங்கத்தின் கடமை, கேட்போம். சொக்சோவின் இலவச உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 2013இல் தொடங்கியது. சந்தா கட்டிய தகுதியுள்ளோருக்கு டயாலிசிஸ் உதவியும் அங்கே உண்டு. நம் பணத்தில் நடக்கும் உரிமையைப் பெட்டியடியில் போட்டு வைத்தால் யாருக்கு லாபம்?

தோழர்களே, பால் எடை ஒரு கிலோ குறைந்தால் கிராணியிடம் வாதாடுகிறோம். நம் உடம்பின் கணக்கையும் அப்படியே கேட்போம். நாற்பது வயதானவர்களும், நீரிழிவோ இரத்தக்கொதிப்போ உள்ளவர்களும் இம்மாதமே சோதித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.