பாதிக் கணக்கு கணக்கல்ல

தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தில், அப்பாவின் கணக்கிலிருந்து மகளின் படிப்புக் கணக்கிற்கு 200 வெள்ளி மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு இது இரண்டு வேலை. ஓரிடத்தில் கழிக்க வேண்டும். மற்றோரிடத்தில் கூட்ட வேண்டும். கழித்தவுடன் மின்சாரம் நின்றுவிட்டால்? பணம் இங்கும் இல்லை, அங்கும் இல்லை!

இதைத் தடுக்கவே இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டுகிறார்கள். அதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். நடந்தால் இரண்டும் நடக்கும். இல்லையேல் ஒன்றும் நடக்காது. இக்கருத்தை 1981-இல் விளக்கி எழுதிய அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே, 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்.

கணினி ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிகிறது. எல்லாம் முடிந்ததும் 'உறுதி' என்று முத்திரையிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் அந்த முத்திரையைத் தேடுகிறது. முத்திரை இல்லையென்றால், அரைகுறை வேலையை நீக்கிப் பழைய தொகையையே வைக்கிறது.

ஆனால், திரையைத் திறந்ததுமே பரிவர்த்தனை தொடங்கும்படி நிரல் எழுதியிருந்தால், கிராணி தேநீர் குடித்து வரும்வரை அந்தக் கணக்கு பூட்டியே கிடக்கலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆகவே, பெயரையும் தொகையையும் சரிபார்த்த பிறகே பரிவர்த்தனையைத் தொடங்க வேண்டும். உடனே முடித்துவிட வேண்டும். ரசீதும் முத்திரைக்குப் பிறகே அச்சாக வேண்டும்.

கணினி படிக்கும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ளட்டும். நாமும் ரசீதைப் பார்க்காமல் முகப்பை விட்டு நகர வேண்டாம். வியர்வை சிந்திச் சேர்த்த பணமல்லவா?