ஓட்டுநரின் மகன்

திண்டுக்கல்லில் விடியுமுன் எழுந்து உலவச் செல்பவர்கள் ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். மலைக்கோட்டைப் பாறை இன்னும் கரிய நிழலாகவே நிற்கும் அவ்வேளையில், இளைஞர் பலர் சாலையோரமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலர் காவலர் தேர்வுக்காக ஓடுவார்கள். சிலர் இராணுவத்தில் சேர்வதற்காக ஓடுவார்கள். அவர்களைக் கண்டு, "இவன் விளையாட்டின் மேல் கொண்ட அன்பாலா ஓடுகிறான்? வேலைக்காக அல்லவா ஓடுகிறான்!" என்று இளக்காரமாகப் பேசும் பெரியவர்களும் நம் ஊரில் உண்டு. அவ்வாறு பேசியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பேச்சு சரிதானா என்பதை ஒரு குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கையைக் கொண்டு இன்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

அவர் பெயர் விஜேந்தர் சிங். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், ஹரியானா மாநிலத்தின் பிவானி மாவட்டத்தில், காலுவாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை மகிபால் சிங், அரசுப் பேருந்து ஓட்டுநர். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக, முறையான பணிநேரத்துக்கு மேலும் அவர் வண்டி ஓட்டினார் என்று கூறுவர். நம் பேருந்து நிலையத்தில் நள்ளிரவில் வந்திறங்கி, மறுபடி விடியற்காலை வண்டியை எடுக்கும் ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அத்தகைய ஒருவரின் வீட்டுப் பிள்ளைதான் விஜேந்தர்.

அந்த வீட்டில் குத்துச்சண்டை புகுந்தது புகழாசையால் அன்று. அண்ணன் மனோஜும் தம்பி விஜேந்தரும் ஒன்றாகவே அக்கலையைப் பயின்றனர். குத்துச்சண்டையில் பெற்ற தேர்ச்சியைக் கொண்டு 1998-இல் அண்ணனுக்கு இராணுவத்தில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததும் அவர் தம்பியை மறந்துவிடவில்லை. "நீ பயிற்சியை விடாதே, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஆக, ஒரு வேலையை எதிர்பார்த்துத்தான் அச்சிறுவரும் கையுறை மாட்டினார். இதில் மறைப்பதற்கோ நாணுவதற்கோ ஒன்றுமில்லை.

பிவானியில் ஜகதீஷ் சிங் என்னும் பயிற்சியாளர் நடத்திவந்த குத்துச்சண்டைக் கழகத்தில் விஜேந்தர் பயின்றார். குத்துச்சண்டை என்றால் கையை ஓங்கிக் குத்துவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதன் முதற்பாடம் காலில் தொடங்குகிறது. எப்படி நிற்பது, எப்படி விலகுவது, எந்த அளவு தொலைவில் நின்றால் எதிரியின் கை நம்மைத் தொடாது என்பவற்றைக் கற்ற பிறகே குத்துக்கு முறை வரும். கயிறு தாண்டுதல், ஓட்டம், தொங்கும் பையில் பயிற்சி, எடையைக் காத்தல் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்த பின்னரே அரங்கில் ஏற முடியும். உண்ணும் உணவிலும் கட்டுப்பாடு வேண்டும். போட்டிக்குரிய எடை சற்றே மிகுந்தாலும் வீரர் அரங்கேற முடியாது.

இனி, அவர் கண்ட தோல்விகளைப் பற்றிச் சொல்கிறேன். வெற்றியைப் பற்றிப் பேச எல்லோரும் இருக்கிறார்கள். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றபோது அவருக்கு வயது 18. முதற் சுற்றிலேயே துருக்கி வீரரிடம் தோற்றுத் திரும்பினார். 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் இறுதிவரை சென்று, அங்கே தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அரையிறுதியில் தோற்று வெண்கலம் பெற்றார்.

அதன் பின் வந்தது 2008, பெய்ஜிங் ஒலிம்பிக். அதற்குமுன் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியர் எவரும் பதக்கம் பெற்றதில்லை. அவ்வாண்டு பிவானியில் பயின்ற மூவர், அகில் குமார், ஜிதேந்தர் குமார், விஜேந்தர் ஆகியோர், காலிறுதியை எட்டினர். ஒரு சிறிய நகரத்துக்கு இது எத்தகைய பெருமை என்பதை எண்ணிப் பாருங்கள். முதலிருவரும் காலிறுதியில் தோற்றனர். ஆகஸ்டு 20-ஆம் நாள், 75 கிலோகிராம் எடைப்பிரிவில், ஈக்குவடோர் நாட்டின் கார்லோஸ் கோங்கோராவை 9-4 என்னும் புள்ளிக்கணக்கில் விஜேந்தர் வென்றார். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் வழங்குவது மரபு. ஆகவே அந்த வெற்றியோடு பதக்கம் உறுதியாயிற்று. இரண்டு நாள் கழித்து, கியூபாவின் எமிலியோ கொரேயாவிடம் 5-8 என்று தோற்றார்.

மாணவர்களே, இந்தியக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம், ஒரு தோல்விக்குப் பின் கழுத்தில் விழுந்த பதக்கம் என்பதை நினைவில் வையுங்கள். இறுதிப் பந்தயத்தில் வென்றவரை மட்டுமே வீரர் எனக் கொண்டாடுவோமானால், அந்தப் பதக்கத்தின் அருமை நமக்கு விளங்காமலே போய்விடும்.

தோல்வியிலிருந்து ஒருவர் என்ன கற்கிறார் என்பதற்கு மற்றொரு சான்று கூறுகிறேன். 2009-இல் மிலான் நகரில் நடந்த உலகக் குத்துச்சண்டைப் போட்டியின் அரையிறுதியில், உஸ்பெகிஸ்தான் வீரர் அப்போஸ் அதோயெவிடம் விஜேந்தர் தோற்றார்; வெண்கலம் பெற்றார். அடுத்த ஆண்டு சீனாவின் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் அதே அதோயெவ் எதிரே வந்து நின்றார். இம்முறை விஜேந்தர் 7-0 என்று வென்றார். எதிரிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. கதை இத்துடன் முடிந்தால் கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் காலிறுதியில் அவ்விருவரும் மீண்டும் மோதினர். அதோயெவ் 17-13 என்று வென்றார். கற்றுக்கொள்வது நாம் மட்டுமல்ல. எதிரே நிற்பவரும் கற்றுக்கொண்டுதான் வருகிறார். தேர்விலும் தொழிலிலும் இதே விதிதான்.

இதற்கிடையில் அவர் தேடியதற்கும் மேலான வேலை வந்து சேர்ந்திருந்தது. ஹரியானா காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் பதவி கிடைத்தது. 2009-இல் கேல் ரத்னா விருதும், 2010-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வேலைக்காக விளையாடுபவன் வேலை கிடைத்ததும் நின்றுவிடுவான் என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கு இங்கே பொய்த்தது. 2015-இல், 30 வயதை நெருங்கும்போது, அவர் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார்.

தொழில்முறை என்பதை விளக்க வேண்டும். ஒலிம்பிக் பந்தயத்தில் ஒருவர் நாட்டின் சார்பில் சில சுற்றுகளே மோதுகிறார்; பெய்ஜிங்கில் இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. தொழில்முறையில் ஊதியத்துக்காக மோதுகிறார். பட்டத்துக்கான போட்டி மூன்று நிமிடச் சுற்றுகள் பத்து, பன்னிரண்டு என்று நீளும். விரைவாகப் புள்ளி சேர்த்துப் பழகிய உடல், நீண்ட நேரம் அடி தாங்கவும் மூச்சைக் காக்கவும் புதிதாகப் பழக வேண்டும். அன்றைய விதிப்படி தொழில்முறையில் சேர்ந்தவர் ஒலிம்பிக்கில் பங்கு பெறவும் இயலாது. அரசுப் பணியில் இருப்பவர் பணத்துக்காகச் சண்டையிடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. இத்தனைக்கும் நடுவே இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குச் சென்று, அவர் மாணவராக மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். 2015 அக்டோபர் 10-ஆம் நாள் அந்நகரிலேயே முதற் போட்டியில் வென்றார்.

2016 ஜூலை 16-ஆம் நாள் தில்லி தியாகராஜ் அரங்கில், ஆஸ்திரேலியாவின் கெர்ரி ஹோப்பை எதிர்த்து, உலகக் குத்துச்சண்டை அமைப்பின் ஆசிய-பசிபிக் பட்டத்துக்காக மோதினார். அதுவரை அவர் ஆடிய ஆறு போட்டிகளும் முழுச் சுற்றுகளும் முடியுமுன்னரே வெற்றியில் முடிந்தவை. இப்போட்டி பத்துச் சுற்றும் நடந்தது. நடுவர் மூவரும் அவரையே வெற்றியாளர் என்றனர். இது உலகப் பட்டம் அன்று, வட்டாரப் பட்டமே. உள்ளதை உள்ளபடி சொல்வதால் ஒருவரின் பெருமை குறைந்துவிடாது.

2017 ஆகஸ்டு 5-ஆம் நாள் மும்பையில் சீன வீரர் சுல்பிகார் மைமைத்தியாலியை அவர் வென்றார். அப்போது டோக்லாம் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றிருந்த நேரம். அரங்கில் ஆரவாரம் அடங்குமுன், எல்லையில் அமைதி வேண்டும், அதற்காக இப்பட்டத்தைத் திருப்பித் தரவும் விரும்புகிறேன் என்னும் கருத்தை விஜேந்தர் கூறினார். குத்துவதைத் தொழிலாகக் கொண்டவரின் வாயிலிருந்து இச்சொல் வந்தது. பகை என்பது அரங்கின் கயிற்றுக்குள் மட்டுமே, மணி அடித்தபின் இல்லை என்பதை நன்கு கற்றவரே இவ்வாறு பேச முடியும்.

பன்னிரண்டு போட்டிகளில் தொடர்ந்து வென்றபின், 2021 மார்ச் மாதம் கோவாவில் ரஷ்ய வீரர் ஆர்திஷ் லோப்சானிடம் ஐந்தாம் சுற்றில் தோற்றார். அப்போது அவருக்கு வயது 35. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ராய்ப்பூரில் மீண்டும் அரங்கேறி வென்றார். அரசியலிலும் அவர் ஈடுபட்டார். அது இவ்வுரைக்குப் புறம்பானது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி நிகழ்த்தினார். வடசென்னையில் குத்துச்சண்டைக்கு இருந்த மதிப்பை 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தில் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஆனால் அத்தகைய அலிக்கே 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அதற்குக் குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தலையில் திரும்பத் திரும்பப் படும் அடி மூளைக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. பயிற்சியாளரும் மருத்துவரும் இல்லாத இடத்தில் இக்கலையைப் பழகவே கூடாது. அரங்குக்கு வெளியே ஓங்கப்படும் கை வீரனின் கை அன்று.

நேயர்களே, நம் புறநானூற்றில் ஒரு மற்போர் வருகிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூரின் வலிமை மிக்க மல்லனோடு பொருது அவனை வீழ்த்துகிறான். சாத்தந்தையார் என்னும் புலவர் அதைப் பாடுகிறார். கிள்ளியின் தந்தை தித்தன் என்றும், இருவருக்கும் உறவு முறிந்திருந்தது என்றும் கூறுவர். புலவர் வேண்டுவது பொன்னும் அன்று, பொருளும் அன்று. தித்தன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்தப் போரை அவன் ஒருமுறை காணட்டும் என்பதே அவர் வேண்டுகோள். விஜேந்தருக்குக் காண்பவர்கள் இருந்தார்கள். தந்தை கண்டார், அண்ணன் கண்டார், பயிற்சியாளர் கண்டார். படிப்பைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் அவரை நெருக்கவில்லை. ஆயினும் அவர் பிவானிக் கல்லூரியில் பட்டமும் பெற்றார்.

நான் காணத் தவறிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் பத்தாம் வகுப்பில் படித்தான். 1500 மீட்டர் ஓட்டத்தில் வட்டார அளவில் இரண்டாமிடம் பெற்றான். மாவட்டப் போட்டிக்குச் செல்ல அனுமதி கேட்டு என் அறை வாயிலில் வந்து நின்றான். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். "ஓட்டம் சோறு போடுமா? போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றான். அவன் ஓடியதை நான் ஒரு முறையேனும் மைதானத்தில் நின்று பார்த்ததில்லை என்பது, பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் காலை, மாவட்ட விளையாட்டரங்கின் அருகே ஒருவர் என்னை வணங்கி, "ஐயா, என்னைத் தெரிகிறதா?" என்றார். அவன்தான். தந்தையைப் போலவே லாரி ஓட்டுகிறாராம். அந்நேரத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "மகள் உள்ளே ஓடுகிறாள், ஐயா. வண்டி இல்லாத நாளெல்லாம் வந்து நின்று பார்ப்பேன்" என்றார். என்மேல் குறையாக ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. "நானும் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன், இருவரும் உள்ளே சென்றோம்.

மாணவர்களே, வேலைக்காக ஓடுகிறீர்களா? நாணாமல் ஓடுங்கள். வாயில் எதுவாக இருந்தாலும் உள்ளே நுழைந்தபின் உழைப்பு ஒன்றே பேசும். பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகள் வெல்வார்களா தோற்பார்களா என்பது நம் கையில் இல்லை. மைதானத்துக்கு ஒருநாள் சென்று அவர்கள் ஓடுவதைக் காண்பது நம்மால் ஆகக்கூடியதே.