பணிக்கொடை: உழைத்துச் சேர்த்த கூலி

(வேலந்தாவளத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வேலை போனால் சிக்கனமாக வாழுங்கள் என்று அறிவுரை கூறுகின்றனர். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் எதைக் குறைக்கும்? அரிசியையா, பிள்ளைகளின் படிப்பையா?

இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு டீ கம்பெனி 2000ஆம் ஆண்டில் தோட்டங்களைக் கைவிட்டது. தமிழ்த் தொழிலாளர் பலருக்கும் கூலி பாக்கியும் பணிக்கொடையும் கிடைக்கவில்லை. வெளியேறினால் பாக்கி கைவிட்டுப் போகும் என்று அஞ்சி ஒழுகும் லயங்களிலேயே தங்கினர். தேயிலைச் செடிகளைத் தமக்குள் பங்கிட்டு, கொழுந்து பறித்து விற்று அடுப்பெரித்தனர். கூடி எடுத்த முடிவே அக்குடும்பங்களைக் காத்தது.

எல்லை கடந்து கோவைக்கு வேலைக்குச் செல்லும் இவ்வூர்க் குடும்பங்களுக்கும் இதில் பாடமுண்டு. சட்டப்படி, ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி பணிக்கொடையாக உரியது. 20 ஆண்டு உழைத்தவருக்கு 300 நாள் கூலி; ஏறத்தாழ ஓராண்டு வருமானம். அதை முதலாளி 30 நாள்களுக்குள் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும். மறுத்தால் தொழிலாளர் துறையில் மனுச் செய்யலாம்.

ஆகவே, வேலை போன குடும்பம் தாலியை அடகு வைக்குமுன், கந்துவட்டிக்காரரிடம் கைநீட்டுமுன், சம்பளச் சீட்டு, சேமநல நிதி எண், பணியில் சேர்ந்த தேதிக்கான சான்று ஆகியவற்றுடன் சங்கத்தை அணுகட்டும். அக்குடும்பம் வரும்வரை காத்திராமல், கிளைத் தோழர்களே முதல் வாரத்தில் அவ்வீட்டுக்குச் செல்வது கட்சியின் கடமை.