வயித்தை எக்காம அளங்க

போன தீபாவளிக்கு ஆன்லைன்ல ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். சைஸ் 32. காலேஜ்ல இருந்தே நான் 32 தான். போட்டுப் பார்த்தா, தொடைக்கு மேல ஏறல. திருப்பி அனுப்பியிருக்கலாம். 'ஒரே மாசம், இதுக்குள்ள போயிடறேன்'னு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். மாசம் முடிஞ்சுது, ரிட்டர்ன் தேதியும் முடிஞ்சுது. ஜீன்ஸ் மட்டும் அலமாரியில அப்படியே இருந்துச்சு.

அப்புறம்தான் இன்ச் டேப்பை எடுத்தேன். எனக்குக் கச்சிதமா இருக்கிற பழைய ஜீன்ஸ்லயும் 32னுதான் போட்டிருக்கு. பட்டனைப் போட்டு, தரையில விரிச்சு, இடுப்புப் பட்டையை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் அளந்தேன். 17 இன்ச். ரெண்டு பக்கமும் சேர்த்தா 34! லேபிள்ல சின்ன நம்பர், துணியில பெரிய அளவு. வாங்குறவங்க மனசு குளிரட்டும்னு பல பிராண்டுகள் செய்யுற வேலை இது. இதுக்கு வேனிட்டி சைஸிங்னு பேரு. அதாவது, நான் பட்டினி கிடந்தது ஒரு லேபிளுக்காக.

நீங்க அப்படிச் செய்யாதீங்க. உங்களுக்கு நல்லா பொருந்துற ஒரு ஜீன்ஸை எடுத்து நாலு அளவு எடுங்க. ஒண்ணு, இடுப்புப் பட்டை. ரெண்டு, தொடை. ரெண்டு காலும் சேருற தையலுக்கு ஒரு இன்ச் கீழே குறுக்கா அளங்க. இந்த ரெண்டையும் இரண்டால பெருக்கிக்கோங்க. மூணு, அதே தையல்ல இருந்து முன்பக்கம் பட்டை வரைக்கும் உள்ள உயரம். நாலு, அங்கிருந்து உள்பக்கமா கால் நுனி வரைக்கும் உள்ள நீளம். நாலையும் போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

வாங்கும்போது சைஸ் சார்ட்ல இருக்கிறது துணியோட அளவா, உடம்போட அளவான்னு பாருங்க. உடம்போடதுன்னா, ஜீன்ஸ் எங்க நிக்குமோ அந்த இடத்துல டேப்பைச் சுத்துங்க. வயித்தை எக்காதீங்க. சார்ட்டை ஏமாத்தலாம், ஜிப்பை ஏமாத்த முடியாது.

ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா, தொடைக்குச் சரியா இருக்கிறதை எடுங்க. இடுப்புல ஒரு இன்ச்சைத் டெய்லர் பிடிச்சுக் கொடுத்துடுவார். நீளத்தையும் மடிச்சு அடிச்சிடலாம். ஆனா தொடை இறுக்கமா இருந்தா, பிரிச்சுவிட உள்ளே பெருசா துணி இருக்காது.

அந்த ஜீன்ஸைத் தம்பிக்குக் கொடுத்துட்டேன். இப்போ 34 வாங்குறேன். ராத்திரி தோசையும் திரும்ப வந்துடுச்சு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.