ஏரிக்கரையில் ஓய்வு



கோடை விடுமுறையில் ஒருநாள், பங்கு மக்களோடு ஏற்காடு சென்றோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏரியை அடைந்தால், எங்களுக்கு முன்பே பெருங்கூட்டம்! படகுத்துறையில் நீண்ட வரிசை. "அமைதியைத் தேடி வந்தால் இங்கேயும் இதே நெரிசலா?" என்று முணுமுணுத்தோம்.

மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரோடு இயேசு ஓய்வுக்காகப் படகேறித் தனிமையான இடத்துக்குப் போகிறார். அங்கும் மக்கள் முந்திக்கொண்டு நிற்கிறார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை, பரிவு கொள்கிறார்.

எங்களுக்குத் துடுப்புப் போட்ட பெரியவரிடம், "லீவு நாளில்கூட ஓய்வில்லையா ஐயா?" என்றோம். "உங்களுக்கு லீவு விட்டாத்தானே சாமி எங்களுக்கு வேலை" என்று சிரித்தார். கூட்டத்தைக் குறைசொன்ன நாங்கள், அதுவரை அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இணைச்சட்டம் 5:14 ஓய்வுநாளை வீட்டுத் தலைவருக்கு மட்டுமல்ல, வேலையாளுக்கும் அந்நியருக்கும் சேர்த்தே தருகிறது. நம் ஓய்வுக்காக இன்று உழைப்பவர் யார்? ஓட்டுநரா, துப்புரவுப் பணியாளரா, சமையலறையில் நிற்கும் தாயா? இந்த வாரம் அவருக்கு ஒருவேளையாவது ஓய்வு தருவோம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.