ஒரு கோயில், ஓர் இட்லி

வடக்கனந்தலிலிருந்து ஒரு சமையல்காரன் பேசுகிறேன். கல்யாண வீட்டு அடுப்படியில் 30 வருஷம் நின்றவன். எங்கள் தொழிலுக்கு லீவு என்றால் ஆடியும் மார்கழியும்தான். முகூர்த்தம் கிடையாது, அண்டாவுக்கும் வேலை கிடையாது. மார்கழிக் குளிரில் கல்வராயன் மலையடிவாரத்தை விட்டு நகர எனக்கு மனசு வராது. ஆடி வந்தால் மட்டும் ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெரும்பாலும் காஞ்சிபுரம்.

காஞ்சிபுரம் கோயில் நகரம், பட்டு நகரம், பல்லவர் தலைநகரம் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்திவரதர் வந்த 2019இல் உங்களில் பாதிப் பேர் அங்கே நெரிசலில் நின்றிருப்பீர்கள். நான் பேச வந்தது, ஒன்றரை நாளில் அந்த ஊரை எப்படிப் பார்ப்பது, எப்படிச் சாப்பிடுவது என்பதைப் பற்றி. கொஞ்சம் கோபத்தோடுதான் பேச வந்திருக்கிறேன்.

போன ஆடிக்கு எங்கள் தெருவில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒரே நாளில் 9 கோயில், போகிற வழியில் இன்னும் 2, பட்டுக் கடை, மதியச் சாப்பாடு, ராத்திரி 11 மணிக்கு வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்களாம். போய்வந்த பக்கத்து வீட்டு அத்தையிடம், "எந்தக் கோயில் நல்லா இருந்துச்சு அத்தை?" என்று கேட்டேன். "செருப்பு விட்ட இடம்தாம்ப்பா ஞாபகம் இருக்கு" என்றார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் அக்கா மகன். செல்போனில் 12 சாப்பாட்டுக் கடை குறித்து வைத்திருக்கிறான். "மாமா, இதுல ஒண்ணை விட்டாலும் காஞ்சிபுரம் போனதே வேஸ்ட்" என்கிறான். வயிறு ஒன்றுதானேடா இருக்கிறது!

என் கணக்கு சின்னக் கணக்கு. ஒரு கோயில், ஓர் இட்லி. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு கோயில், ஓர் இட்லி. கோயில் கைலாசநாதர். இட்லி, வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி. முதலில் கைலாசநாதர், அப்புறம்தான் இட்லி. இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

கைலாசநாதர் கோயில் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே முழுக்க மணற்கல். காலையில் கோயில் திறந்ததும் போய்விடுங்கள். மணற்கல் மேல் இளவெயில் படும்போது, நல்லெண்ணெயில் வறுத்தெடுத்த ரவை மாதிரி ஒரு நிறம் வரும். சமையல்காரனுக்கு உவமையும் அடுப்படியிலிருந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிராகாரத்தைச் சுற்றி 58 குட்டிச் சன்னதிகள். சிலவற்றில் பல்லவர் கால ஓவியம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். 1931இல் பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் கண்டுபிடித்துச் சொன்ன ஓவியங்கள் அவை.

அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை ஜெயித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டிவைத்தது. படையெடுத்து வந்தவன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தும் எடுக்காமல் கோயிலுக்கே விட்டுவிட்டேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். எதிரி ஊரில் எதிரி கட்டிய கோயிலில், தன் பாஷையில்! அந்தத் தூண் பக்கத்தில் நான் பத்து நிமிஷமாவது உட்காராமல் வந்ததில்லை.

இப்போது வரிசைக்கு வருகிறேன். கருவறையைச் சுற்றிவர ஒரு சந்து உண்டு. உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் சின்னத் துவாரங்கள். தவழ்ந்துதான் போக வேண்டும், தவழ்ந்துதான் வர வேண்டும். அப்படிச் சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். ஒரு தடவை, பசி தாங்காமல் நான் முதலில் வரதர் கோயில் இருக்கும் சின்னக் காஞ்சிபுரம் போய் இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு, பிறகு கைலாசநாதருக்கு வந்தேன். உள்ளே போய்விட்டேன். வெளியே வரும்போது தொப்பை சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. என் வீட்டுக்காரி வெளியே நின்று, "மூச்சை விடுங்க, விட்டுட்டு இழுக்காதீங்க" என்று கத்துகிறாள். மறுபிறவி போகட்டும், இந்தப் பிறவியே அங்கே முடிந்துவிடும் போலிருந்தது. அதனால் சொல்கிறேன், முதலில் கைலாசநாதர், அப்புறம்தான் இட்லி.

வைகுண்டப் பெருமாள் கோயிலையும் பார்த்தே ஆக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சரி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான். சிங்கத் தூண் வைத்த சுற்று மண்டபத்தில் பல்லவர் வரலாற்றையே வரிசையாகச் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். வாரிசு இல்லாமல் போனபோது, 12 வயசுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து ராஜாவாக்கிய கதை, அவன்தான் நந்திவர்மன். சாயங்காலம் நேரம் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆடிக்கு.

இனி இட்லி.

குடலை என்றால் மூங்கில் கூடை. நீளமாக, குழாய் மாதிரிப் பின்னியிருப்பார்கள். உள்ளே மந்தாரை இலையைச் சுற்றிவர அடுக்கி, மாவை ஊற்றி, கூடையோடு ஆவியில் வைப்பார்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேகும். கேட்டீர்களா, மூன்று மணி நேரம்! நம் வீட்டு இட்லி பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். இறக்கும்போது ஒன்றரை அடி நீளத்துக்குத் தூண் மாதிரி நிற்கும். பெருமாளுக்கு நைவேத்தியமான பிறகு துண்டு போட்டுத் தருவார்கள்.

இந்தக் காலத்தில் இட்லி என்றாலே பஞ்சு, மல்லிகைப்பூ, வாயில் வைத்தால் கரையணும் என்கிறார்கள். கல்யாண வீட்டில் வந்து இட்லியை இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். தலையணையா வாங்குகிறீர்கள்? குடலை இட்லி கரையாது. மெல்ல வேண்டும். மெல்லும்போது முதலில் மிளகு வரும், அப்புறம் சீரகம், கொஞ்சம் கழித்துத் தொண்டையில் சுக்கு. பெருங்காய வாசனை கடைசிவரை மூக்கிலேயே நிற்கும். நெய்யும் நல்லெண்ணெயும் உள்ளேயே இருப்பதால் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். நாலு சட்னி கேட்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

அதன் சூட்சுமம் அரைப்பதில் இருக்கிறது. அரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக, ரவைப் பதத்துக்கு அரைக்க வேண்டும். கனமான இட்லி, சூடு நடுவுக்குப் போய்ச் சேரவே நேரமாகும். மாவு நைசாக இருந்தால் ஓரம் வெந்து இறுகிவிடும், நடு களியாகவே கிடக்கும். கரகரப்பாக இருந்தால் ஆவி உள்ளே ஊடுருவும். மூங்கில் பின்னல் இடுக்கில் தண்ணீர் தங்காது, வடிந்துவிடும். மந்தாரை இலை மாவைத் தாங்கிக்கொண்டு தன் மணத்தையும் கொடுக்கும். கரகரப்பு, மூங்கில், மந்தாரை. மறுபடியும் சொல்கிறேன், கரகரப்பு, மூங்கில், மந்தாரை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது குடலை இட்லி ஆகாது. ஓட்டல்களில் டம்ளரில் ஊற்றி வேகவைத்து, காஞ்சிபுரம் இட்லி என்று கொண்டுவந்து வைக்கிறார்களே, அதில் மிளகு இருக்கும், சீரகம் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது.

இவ்வளவு பேசுகிறவன் செய்து பார்க்காமல் இருப்பேனா? கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கல்யாணம். பெண் வீட்டாரிடம், "காலை டிபனுக்குக் காஞ்சிபுரம் கோயில் இட்லியே போட்டுடறேன்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன். கூடை பின்னிக் கிடைத்தது. மந்தாரை இலை கிடைக்கவில்லை. வாழை இலை போதாதா என்று வாழை இலையைச் சுற்றினேன். மாவை என் பையன் கிரைண்டரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான், வெண்ணெய் மாதிரி அரைபட்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் பந்திக்கு ஆள் உட்கார்ந்துவிட்டது. அவசரத்தில் இறக்கி வெட்டினால், வெளியே இட்லி, நடுவில் கூழ். அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெண்ணின் தாய்மாமன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாஸ்டர், இது இட்லியா, பால் பணியாரமா?" என்றார். அன்றைக்கு உப்புமாதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

அடுத்த ஆடியில் காஞ்சிபுரம் போனபோது பிரசாத ஸ்டாலில் இருந்த பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "குச்சி விட்டுப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஈர்க்குச்சியை நடு மட்டத்துக்கு இறக்கி, எடுக்கும்போது மாவு ஒட்டாமல் வந்தால்தான் வெந்தது என்று அர்த்தம். கேக் செய்கிற பையன்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். 30 வருஷ மாஸ்டருக்குப் பந்தி அவசரத்தில் மறந்துபோனது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி விழுப்புரத்தில் மாறுங்கள். முதல் நாள் ராத்திரியே போய்த் தங்கிவிடுங்கள். காலையில் கைலாசநாதர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சின்னக் காஞ்சிபுரம், வரதர் கோயில். நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும். இட்லி எப்போது வரும் என்று ஸ்டாலில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி கருட சேவை அன்றைக்கு மட்டும் போகாதீர்கள், சாமியையும் பார்க்க முடியாது, இட்லியையும் பார்க்க முடியாது. மறுநாள் காலையில் வேறு எங்கும் போகாமல் திரும்பவும் அதே கோயில், அதே இட்லி. முதல் நாள் சாப்பிட்டது பசிக்கு. ருசி இரண்டாம் நாள்தான் பிடிபடும்.

சுக்கும் மிளகும் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் மறுநாளும் கெடாது. போன தடவை அக்கா மகனுக்கென்று மூன்று துண்டு கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு துண்டுதான் இருந்தது. அவன் அதை நாலு பக்கமும் திருப்பிப் படம் எடுத்துவிட்டுத்தான் வாயில் வைத்தான். மென்றான். பேச்சே இல்லை. அப்புறம் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கா மாமா?" என்றான்.

மற்ற இரண்டும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டோடு சரி.